நியூ ஜெர்ஸியில் சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்கு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நாங்கள் முதலில் வாடகைக்கு எடுத்த வீட்டுக்கும் எலிமெண்டரி ஸ்கூலுக்கும் நடுவே ஒரு தெருதான். காலையில் அங்கே அடிக்கும் மணி எங்கள் சமையலறையில் கேட்கும். ரேட்டிங் பத்துக்குப் பத்து. அதைப் பார்த்துத்தான் மாதம் நானூறு டாலர் கூடக் கொடுத்து அந்த வீட்டுக்குப் போனோம். செப்டம்பர் பிறந்ததும் மஞ்சள் பஸ் வந்தது. என் மகனை ஏற்றிக்கொண்டு, அந்தப் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி, ஐம்பது நிமிஷம் ஓடி, வேறு ஊரில் இருக்கும் ஒரு பள்ளியில் இறக்கிவிட்டது. அவனுக்கு அப்போது நாலரை வயது. ஆட்டிசம். பேச்சு இரண்டொரு வார்த்தை. அவனுக்கு ஏற்ற வகுப்பு எங்கள் டிஸ்ட்ரிக்டில், அதாவது எங்கள் ஊர் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பில், இல்லை.

ரேட்டிங் பொய் சொல்லவில்லை. மற்றப் பிள்ளைகள் பரீட்சையில் வாங்கிய மதிப்பெண்ணை அது சொன்னது. அதை எங்கள் பிள்ளைக்கான பதில் என்று எடுத்துக்கொண்டது நாங்கள். இரண்டு வருஷம் கழித்து மறுபடி வீடு மாற்றியபோது தேடலைத் தலைகீழாக ஆரம்பித்தோம். முதலில் பிள்ளை, பிறகு வகுப்பு, பிறகு ஊர், கடைசியில் வீடு. இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது.

நியூ ஜெர்ஸியில் கிட்டத்தட்ட 600 ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்கள் இருக்கின்றன. சின்னச் சின்ன டவுன்ஷிப்புக்கும் தனி டிஸ்ட்ரிக்ட், தனி போர்டு, தனி பட்ஜெட். பத்து மைல் தள்ளிப் போனால் பிள்ளையின் நாள் முழுவதும் மாறிப்போகும். தேடுவதில் உள்ள அலுப்பும் அதனால்தான், பலனும் அதனால்தான்.

முதல் படி: ஒரு பக்கம் எழுதுங்கள்

வீடு தேடும் இணையதளங்களைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்துப் பிள்ளையைப் பற்றி எழுதுங்கள். டாக்டர் சொன்ன நோயின் பெயர் ஒரு வரி போதும். மீதியெல்லாம் பள்ளி நாளைப் பற்றியதாக இருக்கட்டும். இருபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் உட்கார முடிகிறதா? டாய்லெட்டுக்குத் துணை வேண்டுமா? ஓடிவிடும் பழக்கம் உண்டா? படிப்பில் பின்தங்கல் எல்லாப் பாடத்திலுமா, வாசிப்பில் மட்டுமா? ஸ்பீச், ஆக்குபேஷனல் தெரபி இப்போது வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை நிமிஷம்?

இந்தத் தாளிலிருந்து நீங்கள் தேடும் வகுப்பு என்னவென்று தெரிந்துவிடும். இங்கே பொதுவாக மூன்று வகை உண்டு. சாதாரண வகுப்பிலேயே இரண்டாவதாக ஒரு ஸ்பெஷல் எஜுகேஷன் டீச்சர் இருப்பது ஒன்று. ஒரு பாடத்துக்கு மட்டும் ரிசோர்ஸ் ரூம் என்ற தனி அறைக்குப் போய்வருவது இன்னொன்று. நாள் முழுக்கச் சிறு வகுப்பிலேயே இருப்பது மூன்றாவது. அதைத்தான் செல்ஃப் கண்டெயின்ட் என்கிறார்கள். முதல் வகையை அருமையாக நடத்தும் டிஸ்ட்ரிக்டில் மூன்றாவது வகை பேருக்குக்கூட இல்லாமல் இருக்கலாம். டிஸ்லெக்ஸியா (வாசிப்பதில் சிரமம்) உள்ள பிள்ளைக்காக ஒரு தோழி புகழும் டிஸ்ட்ரிக்ட் பேசாத பிள்ளைக்கு ஒத்துவராமல் போவது இதனால்தான்.

வீட்டில் தமிழ் பேசுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பதிவுப் படிவத்தில் வீட்டு மொழி என்ற இடத்தில் பயந்துகொண்டு ஆங்கிலம் என்று எழுதாதீர்கள். பிள்ளையின் மொழியைக் கணக்கில் எடுத்துத்தான் சோதனை செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மீட்டிங்கில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் டிஸ்ட்ரிக்ட்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். பாட்டியோடு தமிழ் பேசுவதால் ஆட்டிசமும் வருவதில்லை, பேச்சுக் குறைபாடும் வருவதில்லை. யாரோ ஒரு தெரபிஸ்ட் சொன்னார் என்று ஆறு மாதம் வீட்டில் தமிழையே நிறுத்தியவள் நான். அந்த ஆறு மாதத்தில் என் மாமியார் பேரனோடு சைகையில்தான் பேசினார்.

இரண்டாம் படி: எல்லா ஊருக்கும் பொதுவான சட்டம்

1975-இல் அமெரிக்கக் காங்கிரஸ் கொண்டுவந்த சட்டம்தான் அடிப்படை. 1990-இல் அதற்கு ஐடியா (IDEA) என்று பெயர் மாறியது. தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டணமில்லாமல், அந்தப் பிள்ளைக்கு ஏற்ற கல்வியைத் தர வேண்டும். அதற்கான எழுத்துத் திட்டம்தான் ஐ.இ.பி. இது மூன்று வயதில் தொடங்குகிறது. நியூ ஜெர்ஸியில் பிள்ளைக்கு 21 வயது ஆகும் கல்வியாண்டு வரைக்கும் போகலாம். டிஸ்ட்ரிக்டுக்குள் பொருத்தமான வகுப்பு இல்லையென்றால் வெளியே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே இருக்கும் தனிப்பள்ளிக்கு அனுப்பி, கட்டணத்தையும் பஸ்ஸையும் டிஸ்ட்ரிக்டே ஏற்க வேண்டும். எங்கள் மகனின் ஐம்பது நிமிஷப் பயணம் அப்படி வந்ததுதான். எங்களுக்குச் செலவில்லை; அவனுக்குத்தான் எங்கள் தெருவில் இருக்கும் பிள்ளைகள் யாரையும் தெரியாமல் போனது.

எச்-1பி விசாவில் இருக்கிறோமே, கேட்கலாமா என்று தயங்குபவர்கள் உண்டு. தாராளமாகக் கேட்கலாம். குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்க முடியாது என்று 1982-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வாடகை வீட்டுக்கும் சொந்த வீட்டுக்கும் இதில் வித்தியாசம் கிடையாது.

வசதியான புறநகர் என்றால் எல்லாம் தானாக நடக்கும் என்ற நம்பிக்கை மட்டும் வேண்டாம். 2017-இல் நாட்டின் சிறப்புக் கல்விக்கே அளவுகோலை உயர்த்திய எண்ட்ரூ எஃப். வழக்கு வந்தது எங்கிருந்து? கொலராடோவில் டென்வரை ஒட்டிய டக்ளஸ் கவுண்டியிலிருந்து. வசதியான புறநகர்ப் பகுதி அது. ஆட்டிசம் உள்ள மகனுக்கு வருஷா வருஷம் ஏறத்தாழ அதே இலக்குகளைத் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள் என்று பெற்றோர் அவனை வெளியே எடுத்து வழக்குப் போட்டார்கள். பேருக்கு ஏதோ கொஞ்சம் முன்னேற்றம் என்றால் போதாது, அந்தப் பிள்ளையின் சூழ்நிலைக்கேற்ற முன்னேற்றத்துக்குத் திட்டம் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். சட்டம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். நீங்கள் தேடுவது, அதைக் கோர்ட் வரைக்கும் இழுக்காமல் செய்கிற ஊரை.

மூன்றாம் படி: எண்களைப் படிக்கும் விதம்

நியூ ஜெர்ஸி கல்வித் துறை ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டுக்கும் சிறப்புக் கல்விப் புள்ளிவிவரங்களை வெளியிடுகிறது. மூன்று எண்களை மட்டும் எடுத்து ஒரு எக்ஸெல் தாளில் போடுங்கள்: ஐ.இ.பி. பிள்ளைகளில் பள்ளி நேரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் சாதாரண வகுப்பில் இருப்பவர்கள் எத்தனை பேர், 40 சதவீதத்துக்கும் குறைவாக இருப்பவர்கள் எத்தனை பேர், தனிப்பள்ளிக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்.

தனிப்பள்ளி எண்ணைப் பார்த்து அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். தனிப்பள்ளிகளுக்கு அதிகமாக அனுப்பும் மாநிலங்களில் நியூ ஜெர்ஸியும் ஒன்று. எண் பெரிதாக இருந்தால் இரண்டு அர்த்தம் இருக்கலாம்: ஊருக்குள் வகுப்பு இல்லை, அல்லது தேவைப்படும் பிள்ளைக்குப் பணம் செலவழிக்க டிஸ்ட்ரிக்ட் தயங்குவதில்லை. உங்கள் பிள்ளைக்கு எது வேண்டும் என்று முதல் படியில் எழுதிய தாள்தான் அந்த எண் நல்லதா கெட்டதா என்று சொல்லும்.

மொத்த மாணவர்களில் ஐ.இ.பி. வைத்திருப்பவர்கள் நாடு முழுவதும் சுமார் 15 சதவீதம். ஒரு டிஸ்ட்ரிக்டில் அது மிகவும் குறைவாக இருந்தால், இங்கே எல்லாப் பிள்ளைகளும் கெட்டிக்காரர்கள் என்று சந்தோஷப்பட வேண்டாம். டெக்சாஸில் பல ஆண்டுகள் 8.5 சதவீதம் என்று ஓர் அளவு வைத்து டிஸ்ட்ரிக்ட்களைக் கண்காணித்தார்கள். தகுதியுள்ள பிள்ளைகள் அங்கே வெளியே நின்றார்கள். 2018-இல் மத்தியக் கல்வித் துறை அதைச் சட்டமீறல் என்று அறிவித்தது. குறைந்த எண் சில இடங்களில் மூடிய கதவைத்தான் காட்டுகிறது.

மாநிலத்தின் ஸ்கூல் பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்டில் ஐ.இ.பி. மாணவர்களின் மதிப்பெண் தனியாக இருக்கும். ஊரின் சராசரியை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பக்கத்து ஊர்களோடு ஒப்பிடுங்கள். அரை மணி நேர வேலை.

நான்காம் படி: போர்டு அஜெண்டா

யாரும் சொல்லித்தராத படி இது. எனக்கு அதிகம் உதவியதும் இதுதான்.

டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் போர்டு ஆஃப் எஜுகேஷன் (டிஸ்ட்ரிக்டின் நிர்வாகக் குழு) மீட்டிங் அஜெண்டாக்கள் பி.டி.எஃப். ஆகக் கிடக்கும். கடைசி ஒரு வருஷத்துடையதை எல்லாம் இறக்கிக்கொள்ளுங்கள். முதலில் பணியாளர் பகுதி. யார் சேர்ந்தார்கள், யார் ராஜினாமா செய்தார்கள் என்று வரிசையாக இருக்கும். ஸ்பீச் தெரபிஸ்ட்கள் செப்டம்பரில் ஒருவர், நவம்பரில் ஒருவர், ஜனவரியில் ஒருவர் என்று போய்க்கொண்டிருந்தால், பிள்ளையின் ஐ.இ.பி.-யில் வாரம் மூன்று முறை என்று எழுதியிருந்தாலும் அதை நடத்த ஆள் இருக்க மாட்டார். அடுத்து, சிறப்புக் கல்வி பற்றிய பகுதி. பிள்ளையின் பெயர் இருக்காது. எண், அனுப்பிய பள்ளி, ஆண்டுக் கட்டணம் என்று வரும். அதைப் பார்த்தாலே எந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஊருக்குள் வகுப்பு இல்லை என்று ஊகிக்கலாம். வெளி ஏஜென்சிக்குத் தெரபி ஒப்பந்தம் கொடுத்த வரிகளும் அங்கேயே வரும்.

ஒரு ஊரின் அஜெண்டாவை நான் ராத்திரி பதினோரு மணிக்குப் படித்துக்கொண்டிருந்தேன். மிடில் ஸ்கூலில் புதிதாக ஓர் ஆட்டிசம் வகுப்புத் திறக்க இரண்டு டீச்சர், நான்கு உதவியாளர் பணியிடங்களுக்கு ஒப்புதல் என்று ஒரே ஒரு வரி. அந்த ஊரின் ரேட்டிங் ஏழு. என் கணவரை எழுப்பிக் காட்டினேன். இப்போது இருப்பது அந்த ஊரில்தான்.

இன்னும் தோண்ட வேண்டுமென்றால், பெற்றோருக்கும் டிஸ்ட்ரிக்ட்டுக்கும் நடந்த விசாரணைகளில் வரும் தீர்ப்புகளை ஆபீஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேட்டிவ் லா பொதுவில் வெளியிடுகிறது. பிள்ளைகளின் பெயர் இனிஷியலாக இருக்கும், டிஸ்ட்ரிக்டின் பெயர் முழுதாக இருக்கும். ஒரு வழக்கு இருப்பதால் ஒன்றும் ஆகிவிடாது. ஒரே மாதிரிச் சண்டை திரும்பத் திரும்ப வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஐந்தாம் படி: முகவரி ஏமாற்றும்

நடு ஜெர்ஸியில் தபால் முகவரி ஒன்று சொல்லும், டிஸ்ட்ரிக்ட் வேறாக இருக்கும். பிரின்ஸ்டன் என்று முகவரி போட்ட வீடு சவுத் பிரன்ஸ்விக்கிலோ மாண்ட்காமரியிலோ இருக்கலாம். பிரின்ஸ்டன் ஜங்ஷன் இருப்பது வெஸ்ட் விண்ட்சரில். சாமர்செட் முகவரிகள் பெரும்பாலும் ஃபிராங்க்ளின் டவுன்ஷிப். பெல் மீட் என்றால் மாண்ட்காமரியாகவும் இருக்கும், ஹில்ஸ்பரோவாகவும் இருக்கும். வீட்டின் சொத்து வரி பில் எந்த டவுன்ஷிப்பில் வருகிறது என்று பாருங்கள், பிறகு டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்தில் முகவரியைச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

கிரான்பரி மாதிரி ஊர்களில் டிஸ்ட்ரிக்ட் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். பிள்ளைகள் ஹைஸ்கூலுக்குப் பிரின்ஸ்டன் போவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு டிஸ்ட்ரிக்டையும் பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: போன் போட்டுப் பேசுங்கள்

டிஸ்ட்ரிக்டில் சிறப்புக் கல்வியைக் கவனிக்கும் டைரக்டர் ஆஃப் ஸ்பெஷல் சர்வீசஸ் அலுவலகத்துக்குப் போன் செய்தால் முதல் பதில் அநேகமாக இப்படி வரும்: "ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக டீம் கூடித்தான் முடிவு செய்யும்." சட்டப்படி சரியான பதில். அதைக் கேட்டுவிட்டு நன்றி சொல்லி வைத்துவிடாதீர்கள். என் பிள்ளைக்கு என்ன தருவீர்கள் என்று கேட்டால் அவர்களால் வாக்குக் கொடுக்க முடியாது. இப்போது என்னென்ன வகுப்புகள் நடக்கின்றன என்று கேட்டால் சொல்லலாம். அந்தச் சின்ன மாற்றத்தில் உரையாடல் திறந்துகொள்ளும்.

செல்ஃப் கண்டெயின்ட் வகுப்பு எந்தக் கட்டடத்தில் நடக்கிறது, அதில் எத்தனை பிள்ளைகள், எத்தனை பெரியவர்கள் என்று கேளுங்கள். வயது இடைவெளியையும் கேளுங்கள். ஒரே சிறப்பு வகுப்பில் நான்கு வயதுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது மாநில விதி. மூன்றாம் வகுப்பு முடிந்து வேறு கட்டடம் போகும்போது இதே வகுப்பு அங்கேயும் தொடர்கிறதா? இது மிக முக்கியம். எலிமெண்டரியில் பிரமாதமாக நடத்திவிட்டு மிடில் ஸ்கூலில் கையை விரிக்கும் ஊர்கள் உண்டு. தெரபிஸ்ட்கள் டிஸ்ட்ரிக்ட் ஊழியர்களா, ஏஜென்சி ஆட்களா? கோடையில் வகுப்பு எத்தனை வாரம்? பஸ் எவ்வளவு நேரம்?

நேரில் வகுப்பைப் பார்க்க விடுவார்களா என்பது ஊருக்கு ஊர் மாறும். விட்டால், சுவரில் ஒட்டியிருக்கும் வண்ணப் படங்களைப் பார்க்காமல் உதவியாளர்களைப் பாருங்கள். ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தால் யார் முதலில் எழுந்திருக்கிறார், எந்தக் குரலில் பேசுகிறார் என்று கவனியுங்கள். நான் பார்த்த ஒரு வகுப்பில் ஒரு சிறுவன் மேஜைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டான். உதவியாளர் அவனை இழுக்கவில்லை. தானும் கீழே உட்கார்ந்து படஅட்டையை நீட்டினார். ஐந்து நிமிஷத்தில் அவனே வெளியே வந்து 'ஜூஸ்' படத்தைத் தொட்டான்.

ஏழாம் படி: மற்றப் பெற்றோர்

நியூ ஜெர்ஸியில் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டும் சிறப்புக் கல்விப் பெற்றோர் ஆலோசனைக் குழு ஒன்றை வைத்திருக்க வேண்டும். செபாக் என்று சொல்வார்கள். அதன் கூட்டம் எப்போது நடந்தது என்று தேடுங்கள். உயிரோடு இருக்கும் குழுவா, பேருக்கு இருக்கும் குழுவா என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஸ்பான் என்ற மாநில அளவிலான பெற்றோர் அமைப்பு இலவசமாக ஆலோசனை சொல்கிறது.

நம்மவர்களிடம் தகவல் வாங்குவதுதான் கஷ்டம். வாட்ஸாப் குழுவில் மேத் ஒலிம்பியாட் பற்றி நூறு செய்தி ஓடும். இதைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயில் கேண்டீனில் ஒருநாள் என் மகன் காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான். புளியோதரைத் தட்டோடு ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அங்கும் இங்கும் பார்த்துவிட்டு மெதுவாக, "அக்கா, தம்பிக்கு ஐ.இ.பி. இருக்கா? என் பொண்ணுக்கும் இருக்கு" என்றாள். ஒன்றரை மணி நேரம் பேசினோம். மூன்று டிஸ்ட்ரிக்ட்களைப் பற்றி எந்தத் தளத்திலும் கிடைக்காத விஷயங்கள் கிடைத்தன. ஆகவே நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். சொன்னால்தான் வருவார்கள்.

கேட்டதை வைத்து முடிவெடுக்கும்போது, அந்தப் பிள்ளையின் வயதும் தேவையும் உங்கள் பிள்ளையோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: வாடகையில் ஆரம்பியுங்கள், தேதிகளைப் பிடியுங்கள்

வீடு வாங்க அவசரப்படாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. இந்த மாநிலத்தில் சராசரிச் சொத்து வரியே ஆண்டுக்கு 10,000 டாலரை ஒட்டி வருகிறது. ஒரு கல்வியாண்டு வாடகையில் இருந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஏற்கெனவே ஐ.இ.பி. உள்ள பிள்ளை இன்னொரு டிஸ்ட்ரிக்டுக்கு மாறினால், புதிய டிஸ்ட்ரிக்ட் தாமதமில்லாமல் அதற்கு நிகரான சேவையைத் தொடங்க வேண்டும்; புதிய ஐ.இ.பி. தேவையென்றால் 30 நாளில் எழுத வேண்டும். வேறு மாநிலத்திலிருந்து வந்தால் புதிதாகச் சோதனையும் செய்யலாம். கையில் ஐ.இ.பி., சோதனை அறிக்கைகள், கடைசி ரிப்போர்ட் கார்டு மூன்றையும் நீங்களே எடுத்துப் போங்கள். பழைய பள்ளி அனுப்பும் என்று காத்திருந்தால் செப்டம்பர் போய்விடும்.

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ நேராக வருபவர்களுக்கு எல்லாம் முதலிலிருந்து. அங்கே வாங்கிய சைக்காலஜிஸ்ட் அறிக்கை, தெரபி குறிப்புகள் உதவும். ஆனால் அவற்றை வைத்து வகுப்புக் கிடைக்காது. பிள்ளையைச் சேர்த்த அன்றே, பிள்ளையைச் சோதிக்கும் டிஸ்ட்ரிக்ட் நிபுணர் குழுவான சைல்டு ஸ்டடி டீமுக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது. கடிதம் போன நாளிலிருந்து 20 நாளுக்குள் அவர்கள் உங்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட வேண்டும். பள்ளி விடுமுறை நாட்கள் அதில் சேராது, ஆனால் கோடை விடுமுறை சேரும். "செப்டம்பரில் பார்க்கலாம்" என்று ஜூலையில் சொன்னால் இதை நினைவூட்டுங்கள். சோதனைக்கு நீங்கள் சம்மதம் கொடுத்த நாளிலிருந்து 90 நாளில் சோதனை முடிந்து, தகுதி முடிவாகி, ஐ.இ.பி. நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கான ஏர்லி இன்டர்வென்ஷன் சேவையில் இருக்கும் குழந்தையென்றால் மூன்றாம் பிறந்தநாளுக்குக் குறைந்தது 120 நாள் முன்பே கடிதம் போக வேண்டும்.

ஒன்பதாம் படி: மீட்டிங்கும் அந்தப் பதினைந்து நாளும்

நல்ல டிஸ்ட்ரிக்ட் கிடைத்தாலும் மேஜையில் உட்காரப்போவது நீங்கள்தான். தனியாகப் போகாதீர்கள், குறிப்பெடுக்க ஒருவர் வேண்டும். ஆரம்பிக்கும் முன் எல்லாருக்கும் தெரிவித்துவிட்டால் கூட்டத்தை ஒலிப்பதிவு செய்யலாம், நியூ ஜெர்ஸி விதியில் இடம் இருக்கிறது. அவர்கள் செய்த சோதனை சரியில்லை என்று பட்டால் டிஸ்ட்ரிக்ட் செலவில் வெளி நிபுணரிடம் சோதனை கேட்கலாம். அவர்கள் பணம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் 20 நாளில் விசாரணைக்குப் போய்த் தங்கள் சோதனை சரிதான் என்று காட்ட வேண்டும். திட்டம் சரியானதுதான் என்று நிரூபிக்கும் பொறுப்பும் 2008 முதல் இந்த மாநிலத்தில் டிஸ்ட்ரிக்ட் தலையில்தான் இருக்கிறது. பல மாநிலங்களில் வழக்குப் போட்ட பெற்றோர்தான் நிரூபிக்க வேண்டும்.

முதல் ஐ.இ.பி. உங்கள் கையெழுத்து இல்லாமல் தொடங்காது. அடுத்தடுத்த வருஷங்களில் அப்படி இல்லை. புதிய ஐ.இ.பி. எழுத்தில் கைக்கு வந்து 15 நாள் நீங்கள் சும்மா இருந்தால் அது தானாக அமலுக்கு வந்துவிடும். பக்கத்து வீட்டு அக்காவின் பெண்ணுக்கு ஸ்பீச் மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்தது இப்படித்தான். "எனக்குச் சம்மதமில்லை" என்று டீச்சருக்கு மெயில் போட்டிருந்தார், அது போதும் என்று நினைத்தார். போதாது. 15 நாளுக்குள் மாநிலக் கல்வித் துறையிடம் மத்தியஸ்தமோ விசாரணையோ எழுத்தில் கேட்டு, டிஸ்ட்ரிக்டுக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும். அப்படிக் கேட்டால் பிரச்சினை தீரும்வரை பழைய ஐ.இ.பி. அப்படியே நடக்கும். மத்தியஸ்தத்துக்குக் கட்டணம் இல்லை. ஐ.இ.பி. கைக்கு வந்த தேதியை அதன் முதல் பக்கத்திலேயே பேனாவால் எழுதி, போன் காலண்டரில் பத்தாவது நாளுக்கு அலாரம் வையுங்கள். பதினைந்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் வியாழக்கிழமையே கடிதம் போயிருக்கட்டும்.